மெயினைத் தட்டாதீர்கள்

டிவி கெட்டால் வீட்டில் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். பழுது பார்க்க வந்தவன் சுவரில் இருக்கும் சுவிட்சைப் பார்ப்பான். கருவிப்பையோடு வீடு வீடாகப் படியேறும் தோழர்களே, உங்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம்.

நான் பார்ப்பது ஓஎல்இடி டிவிகளை. அந்தத் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். அதிகம் எரிந்த புள்ளி சீக்கிரம் தேய்ந்து மங்கும். ரிமோட்டில் நிறுத்தியதும் டிவி தூங்கிவிடாது. எந்தப் புள்ளி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, தேய்ந்ததற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் கொடுத்து, எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்படி சரிக்கட்டும். அதற்குச் சுவர் சுவிட்ச் போட்டபடியே இருக்க வேண்டும். எங்கள் மரக்காணத்திலோ உப்புக் காற்றில் சுவிட்ச் போர்டு துரு பூத்துப் பொறி பறக்கும். அதனால் டிவி பார்த்து முடித்ததும் மெயினை, அதாவது அந்தச் சுவர் சுவிட்சை, நிறுத்துவது இங்கே பல் துலக்குவது மாதிரி.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். டிவி கம்பெனியில் பழுது பார்க்கும் வேலை, முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் ஒரே வீட்டிலிருந்து மூன்று புகார் வந்தால் வேலை நிரந்தரமாகாது.

முக்கியச் செய்தி

முதல் புகார் உப்பள முதலாளி தனசேகர் வீட்டிலிருந்து. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஒரே செய்திச் சேனலை ஓடவிடுகிறவர். அந்தச் சேனலின் தலைப்புப் பட்டை திரையின் கீழே தேய்ந்து பதிந்துவிட்டது. எந்தச் சேனலுக்குப் போனாலும் நிழலாகக் கூடவே வந்தது.

ஒரு மணி நேரம் ஓடும் பெரிய சரிக்கட்டலைப் போட்டேன். பட்டை பாதி மங்கியது. "இனிமே மெயினை ஆஃப் பண்ணாதீங்க சார்" என்று மூன்று தடவை சொன்னேன். பாதி போதாதா என்று தயங்கிக் கேட்டேன். அவர் சொன்னார்: "பொண்ணு கல்யாண வீடியோவைப் போட்டா, தாலி கட்டுற எடத்துல 'முக்கியச் செய்தி'ன்னு தெரியுதுப்பா!"

இரண்டே கட்டம்

வேலை முடிந்ததும் படிவத்தில் குறிக்க வேண்டும். அதில் 'சரியானது', 'சரியாகவில்லை' என்று இரண்டே கட்டம். நான் இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டு, "குறைந்தது, முழுதாக மறையாது, தேய்ந்தது தேய்ந்ததுதான்" என்று எழுதி அனுப்பினேன். புதுச்சேரி அலுவலகத்திலிருந்து மேலாளர் உடனே போன் செய்தார்.

"டேய், ஆபரேஷன் பண்ண டாக்டர்கூட இவ்ளோ உண்மை எழுத மாட்டாருடா!"

கண் சிமிட்டல்

கூனிமேட்டில் ஒரு பாய் வீடு. டிவிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நிறுத்திய பிறகும் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, உள்ளே 'டிக்' என்று சத்தம் வருகிறது என்று புகார். அளவெடுக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். பாயின் மனைவி டிவிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடியே வைத்திருந்தார். பாதி எடுத்து என்னை மட்டும் பார்க்க விட்டு, மறுபடி இழுத்து மூடினார்.

"நாங்க நிறுத்தின பொறவு அது யாரை அளவெடுக்குது தம்பி? எங்களையா?"

குச்சி

தனசேகர் வீட்டிலிருந்து இரண்டாவது புகார். இன்னும் ஒன்றுதான் பாக்கி. போய்ப் பார்த்தால் பட்டை முன்னைவிடப் பளிச்சென்று இருக்கிறது. டிவியின் உள்பதிவைத் திறந்தேன். நான் போன பிறகு சரிக்கட்டல் ஒரு தடவைகூட ஓடவில்லை. "மெயினை யாராவது ஆஃப் பண்ணீங்களா?" என்றேன். தனசேகர் இல்லை என்றார். அவர் மனைவி ஜெயா அக்கா சாமி படத்தைக் காட்டியே இல்லை என்றார்.

டீ குடிக்கும் சாக்கில் உட்கார்ந்துகொண்டேன். தனசேகர் ரிமோட்டில் நிறுத்திவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பினார். அவர் பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டவில்லை. ஜெயா அக்கா ஆணியில் மாட்டியிருந்த ஒரு காய்ந்த குச்சியை எடுத்து, ஷாக் அடிக்காமல் தள்ளி நின்று, சுவிட்சில் ஒரு தட்டுத் தட்டினார். சிவப்பு விளக்கு போயிற்று. "அக்கா!" என்று அலறினேன்.

"இன்னாத்துக்குக் கத்துற? நான் எங்க ஆஃப் பண்ணேன்? மெயினைத் தட்டித்தானே வுட்டேன்!"

கூடுதல்

தப்பு என்னுடையது. மூன்று தடவை சொன்னேனே தவிர, அந்த வீட்டுப் பேச்சில் சொல்லவில்லை. அங்கே ஆஃப் பண்ணுவது என்றால் ரிமோட்டில். மெயினை ஆஃப் பண்ண மாட்டார்கள், தட்டுவார்கள். போர்டைக் கழற்றிப் பூத்திருந்ததைச் சுரண்டி, புது சுவிட்ச் மாட்டினேன். மாலையில் தனசேகர் திரும்பி வந்ததும், அவருக்கும் சேர்த்து முதலிலிருந்து விளக்கினேன். உப்பளச் சாவியைக் கொடுக்க வந்த அஞ்சலை என்ற தொழிலாளியும் வாசலில் நின்று கேட்டார். மறைக்கக் கூடாதே என்று கடைசியில் இதையும் சொன்னேன்: தேய்ந்த புள்ளிக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அது இன்னும் சீக்கிரம் தேயும்.

தனசேகர் தலையாட்டினார். அஞ்சலை ஆட்டவில்லை.

"கூடக் குடுத்தா இன்னும் தேயுமாமே? எங்களுக்குக் குடுத்துப் பாக்கச் சொல்லுப்பா மொதலாளிய, தேயுறோமான்னு பாப்போம்!"

மூன்றாவது போன்

ஆறாவது மாதத்தின் கடைசி வாரம், அனுமந்தையில் ஒரு வீட்டில் திரையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தபோது, தனசேகர் எண்ணிலிருந்து போன். திரையைக் கட்டிலில் மெதுவாகக் கிடத்திவிட்டு எடுத்தேன். பட்டை திரும்ப வந்துவிட்டதா என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். குச்சியை அடுப்பில் வைத்துவிட்டார்களாம். பட்டை கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிறதாம். பிறகு எதற்கு போன்?

"நாளைக்கு ஊரு பூரா பவர் கட்டாம் தம்பி. மெயினைத் தட்டப்போறது நாங்க இல்ல, கரண்ட் ஆபீஸ்காரன். உங்க ஆபீஸ்ல புகாரை அவன் பேர்ல எழுதிக்கச் சொல்லுங்க!"

வேலை நிரந்தரமாகிவிட்டது. தேய்ந்த புள்ளியைக் கண்டுபிடிக்க டிவிக்கே தெரியும், தட்டுகிற குச்சியைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு பட்டதாரி தேவைப்படுகிறான்.