அக்காவின் கால்மெத்தை

நனைந்த தேங்காய்த் தும்பின் வாசம், வெயிலில் எத்தனை நாள் காயப்போட்டாலும் முழுவதுமாகப் போகாது. மழைநாளில் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பக்கத்து மெத்தைக் கடையிலிருந்து அந்த வாசம் வந்து மூக்கில் ஏறினால், எனக்கு மெத்தை ஞாபகம் வருவதில்லை. என் அக்கா கலாவின் இரண்டு கால்களும்தான் ஞாபகம் வரும்.

அக்கா பாடசாலை ஹொக்கி அணியில் கோல் காத்தவள். சண்டை நின்றிருந்த அந்தச் சில வருடங்களில் எங்கள் பாடசாலைக்கு எங்கிருந்தோ மட்டைகள் வந்தன, பந்துகள் வந்தன, கோல் காப்பவள் காலில் கட்டும் காப்பு மட்டும் வரவில்லை. அம்மா என்ன செய்தார் என்றால், வீட்டிலிருந்த ஒரேயொரு தும்பு மெத்தையைப் பிரித்து, உரப்பைக்குள் இறுக்கி அடைத்து, சாக்கு ஊசியில் நைலோன் நூல் கோத்து, இரண்டு நாள் குந்தியிருந்து தைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "கால்மெத்தை". ஒவ்வோர் ஆட்டம் முடிந்த பிறகும் அதைக் கழுவி வேலியில் போடுவது என் வேலை. மெத்தை போன பிறகு நாங்கள் மூவரும், அதாவது அம்மாவும் அக்காவும் நானும், பாயில்தான் படுத்தோம்.

அம்மா வாழ்நாளில் மட்டை பிடித்தவர் அல்லர். ஆனாலும் ஆட்டத்தை வாயால் விளையாடுவார். எல்லைக் கோட்டுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு நின்று, நடுவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்ததா இரண்டிலுமா என்று ஊர் கேட்கக் கேட்பார். அவரிடம் எல்லாவற்றுக்கும் வயல் கதைதான். தண்ணீர் முறை வரும் நாளில் வாய்க்கால் மடையில் ஆள் நிற்க வேண்டும். நின்றவர் ஒரு வெற்றிலை போடும் நேரம் விலகினாலும் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். "தண்ணி ஓடேக்க மடையில நிக்கிற ஆளை மாத்தக்கூடாது" என்பார். கோல் கம்பங்களுக்கு நடுவே அக்கா நிற்பதை அவர் பார்த்த விதமும் அதுதான்.

நான் சொல்ல வந்தது ஓர் ஆட்டத்தைப் பற்றி. பாடசாலைகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி, இரணைமடு வாய்க்காலுக்குப் பக்கத்து வெளியில் நடந்தது. சுண்ணாம்பு கிடைக்காததால் ஆலையிலிருந்து உமிச்சாம்பல் கொண்டுவந்து கோடு போட்டிருந்தார்கள். சோளகக் காற்று சும்மா இருக்குமா? இடைவேளைக்கு முன்னமே பாதிக் கோடு பார்வையாளர்களின் கண்ணுக்குள் போய்விட்டது. பந்தை அரைவட்டத்துக்குள் நின்று அடித்தால்தான் கோல். நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது எங்கள் பிள்ளை ஒருத்தி அடித்த பந்து வலைக்குள் போனது. வவுனியாவிலிருந்து வந்திருந்த நடுவர் விசில் ஊதி, வெளியே நின்று அடித்தது, செல்லாது என்று கையை விரித்தார்.

"கோடு முழுக்கக் காத்தில பறந்து போட்டுது. இவருக்கு மட்டும் எங்க தெரிஞ்சது?" என்று அம்மா தொடங்கினார்.

பக்கத்தில் நின்ற முன்வீட்டு மணி மாமி, "மெதுவாக் கத்து பிள்ளை. மனிசன் வவுனியாவிலயே உன்ர சத்தம் கேட்டுத்தான் பயந்து வந்திருக்குது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, அணியைப் பழக்கிய கணக்கு மாஸ்டர் அக்காவை வெளியே அழைத்துவிட்டு, வேகமாக ஓடக்கூடிய ஒரு பிள்ளையை முன்னுக்கு விட்டார். எங்கள் கோல் வெறுமையாக நின்றது. அம்மா குடையை விட்டுவிட்டு ஓடினார்.

"மாஸ்டர், மடையில நிண்ட பிள்ளையை ஏன் எடுத்தனீங்கள்?"

"ஒரு கோல் பின்னுக்கு நிக்கிறம். நிண்டு தோக்கிறதை விட ஓடித் தோப்பம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. எதிரணி நடுத் திடலில் பந்தைப் பறித்து, ஆளில்லாத கோலுக்குள் உருட்டிவிட்டது. அன்று பின்னேரம் அக்கா கால்மெத்தையை அவிழ்த்துக்கொண்டே, "விடுங்கோம்மா. நான் நிக்கேக்க ஒண்டுதானே விழுந்தது, மற்றது மாஸ்டருக்கு விழுந்தது" என்றாள். அம்மா மூன்று நாள் அந்த மாஸ்டரையும் நடுவரையும் வைதார். நான்காம் நாள் மறந்தும்விட்டார்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் கடற்கரை மணலில் பதுங்கத் தோண்டிய ஒரு பங்கருக்குள் இருந்தோம். ஒருநாள் காலை, கஞ்சி கொடுக்கிறார்கள் என்று சத்தம் கேட்டது. நான் காய்ச்சலில் கிடந்தேன், அம்மா என் தலையை மடியில் வைத்திருந்தார். "கலா, நீதான் பயப்பிடாத பிள்ளை. கெதியாப் போட்டு வா" என்றார் அம்மா. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு ஏறிப் போனாள். அந்தப் பக்கம் செல் விழுந்து வெடித்தது. அக்கா வரவில்லை, வாளியும் வரவில்லை. அவளைக் கண்டதாகச் சொல்ல இன்றுவரை ஓர் ஆளும் வரவில்லை.

மீளக் குடியேறிய பிறகு அம்மா அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. ஆனால் மறந்துபோயிருந்த ஆட்டத்தைத் திரும்ப எடுத்தார். சோறு போடும்போதும் களை பிடுங்கும்போதும் திடீரென்று, "அந்தப் பிள்ளையை ஏன் வெளியில விட்டவர்?" என்பார். மாஸ்டரைத்தான் சொல்கிறார் என்று நானும் பல வருடம் மாஸ்டருக்காக வாதாடினேன். பின்தங்கிய அணி கடைசி நேரத்தில் அப்படித்தான் செய்யும் என்று தொலைபேசியில் ஆட்டங்களைப் போட்டுக் காட்டினேன். "பெரிய பெரிய நாடுகளும் கோல் காக்கிற ஆளை எடுக்கினம் அம்மா."

அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவைக்கு வேற பிள்ளையள் இருக்கினம்."

அன்றோடு நான் மாஸ்டருக்காகப் பேசுவதை விட்டேன்.

போன மாதம் எங்கள் பழைய பாடசாலைப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். உமிச்சாம்பல் இல்லை, வெள்ளைச் சாயத்தில் கோடு. உரப்பை இல்லை, கோல் காத்தவளின் காலில் கடையில் வாங்கிய தடித்த காப்பு. வைவதற்கு நடுவர் மட்டும் அப்படியே இருந்தார், அம்மாவும் குறை வைக்கவில்லை. கடைசி ஐந்து நிமிடம் வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் பின்னுக்கு. பயிற்றுநர் கையைக் காட்ட, கோல் காத்த பிள்ளை தலைக்கவசத்தைக் கழற்றியபடி வெளியே ஓடி வந்தாள்.

அம்மாவின் சத்தம் பாதியில் நின்றது. எழும்பி, மெல்ல நடந்துபோய், வாங்குப் பலகையில் குந்திய அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார். முன்பின் தெரியாத அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் ஆச்சி?" என்றாள் அந்தப் பிள்ளை.

"ஒண்டுமில்லை. நீ இதில இரு."

திடலில் ஒரு கோல் விழுந்தது. சனம் எழும்பிக் கத்தியது. பிள்ளையும் எழும்பப் பார்த்தாள். அம்மா கையை விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் யார் அடித்தது என்றுகூட அவர் என்னிடம் கேட்கவில்லை.