ஆமா, நான்தான்

அடுத்தவர் எழுதிய ஜெர்மனைத் திருத்துவதற்குச் சம்பளம் உண்டு. அடுத்தவர் நம் ஜெர்மனைப் பாராட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதற்குத்தான் இல்லை. ஜெர்மனியின் வுப்பர்டாலில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையான நான், 2000களின் நடுவில் வேறு ஊருக்குப் படிக்கப் போனபோது, பல்கலைக்கழகத்தின் எழுத்துதவி அறையில் இரண்டையும் செய்தேன். பக்கத்து மேசையில் ஆமா. தாய் தகப்பன் கானாவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது வுப்பர்டாலுக்குப் பக்கத்து ஊரான ஹாகனில். பெயர்தான் ஆமா, எதற்கும் ஆமாம் போடமாட்டாள். வெள்ளை முகங்களுக்கு நடுவில் ஒற்றையாய் உட்கார்ந்து படித்தவர்களே, மிச்சம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

காற்புள்ளி

ஒரு மாணவன் கட்டுரையோடு வந்தான். காற்புள்ளிகளை உப்புத் தூவியதுபோல் கண்டபடி போட்டிருந்தான். ஆமா ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தாள். உங்கள் ஜெர்மன் அருமை, எங்கே படித்தீர்கள் என்று கேட்டான். ஹாகனில் என்றாள். அவன் விடவில்லை. "சரி, அதற்கு முன்பு?"

ஆளில்லா அறை

நாங்கள் இருவரும் மேசையில்தான் இருக்கிறோம். கதவைத் திறந்த மாணவி எங்களைப் பார்த்தாள், பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "யாரும் இல்லையா? நான் பிறகு வருகிறேன்."

பாராட்டு

எங்கள் பேராசிரியருக்கு என்னையும் ஆமாவையும் பிரித்தறியத் தெரியாது. ஆமா என்னைவிட ஒரு தலை உயரம். நான் கண்ணாடி போட்டவள். ஆமா ஒரு செமஸ்டர் முழுக்க மினக்கெட்டு எழுதிய ஆய்வுக்கட்டுரையை நடைவழியில் நாலு பேர் முன்னால் வாயாரப் பாராட்டினார், என்னிடம். ஆமா பக்கத்திலேயே நின்றாள். எழுதியது நானில்லை, இவள் என்றேன். "அதனால் என்ன, இருவருமே நன்றாகத்தானே எழுதுகிறீர்கள்."

அம்மாவின் ஆலோசனை

வீட்டுக்கு ஃபோன் எடுத்துப் புலம்பினேன். அம்மா ஆறுதல் சொல்லுவார் என்று நம்பிய என் புத்தியை என்ன சொல்ல. "அந்தக் கறுப்புப் பிள்ளையோட திரியிறதைக் கொஞ்சம் குறை பிள்ளை. பிறகு உன்னையும் அவையில ஒராள் எண்டு நினைச்சுப்போடுவினம்."

சாவி

அடுத்த நாள் ஆமா அறைச் சாவியை என் மேசையில் வைத்தாள். படிப்பை விட்டுவிட்டு ஹாகனுக்கே போகிறாளாம். நீ போனால் இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். அவள் வாய் திறப்பதற்குள் பேராசிரியர் கதவால் தலையை நீட்டி, என்னைப் பார்த்து, "ஆமா, ஒரு நிமிடம்" என்றார். ஆமா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "நான் போனால் நீதான் ஆமா என்று முடிவே கட்டிவிடுவார். போகமாட்டேன்."

ஆமா மிகச் சிறப்பாகத் தேறினாள். பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார்.