வாரிசோஸ் துடைக்கவிடாத கண்ணீர்

மோஹாக் ஆற்றங்கரையில் வாரிசோஸைப் போல மக்காச்சோளம் விளைவித்தவள் எவளும் இல்லை. அதைச் சொல்ல அவளே போதும். தாய் விட்டுப்போன முள்காட்டை எரித்து, கிளறி, கறுத்த மண்ணாக்கியவள். எங்கள் மோஹாக் மக்களிடம் விளைநிலம் பெண்களுடையது. அவர்கள் சம்மதிக்காமல் ஒரு பிடி மண்ணும் கைமாறாது.

பக்கத்துப் பண்ணைக்காரர் கார்வே துரைக்கு அந்த நிலத்தின்மேல் கண். வெள்ளைக்காரர்களின் அரசர் சார்பில் எங்களோடு பேச வந்தவர். எங்கள் மொழி பேசுவார், எங்களோடு ஆடுவார். ஓநாய்க் குலம் அவரைத் தத்தெடுத்திருந்தது. அவர் கூப்பிட்ட சண்டையில்தான் வாரிசோஸின் மகன் கோர் செத்தான்.

துக்கத்தில் இருப்பவருக்கு மனம் தெளிவாக இராது. வேறு குலத்தார் சிப்பிமணிச் சரங்களைக் கையில் கொடுத்து, கண்ணீரைத் துடைத்த பிறகே அவரிடம் காரியம் பேசலாம். துரை சரங்களோடு வந்தார்.

"அக்கா, கோருக்காக உன் கண்ணீரைத் துடைக்கிறேன்."

"கோருக்கா, கொல்லைக்கா? துடைச்ச கை காயறதுக்குள்ள நிலத்தைக் கேப்ப. நான் அழுதுகிட்டிருக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது. எங்க முறை தெரிஞ்சவன்தானே தம்பி, போ!"

துரை சரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அவள் அண்ணன் அத்தோன்வா பாய்ந்தான்.

"பிள்ளைக்கு நடக்க வேண்டியதைத் தடுக்கிறியே, நீயெல்லாம் தாயா?"

"நிலம் போனா அவன் தங்கச்சிங்க எதைத் தின்பாங்க? மண்ணையா? அதுவும்தான் இருக்காதே!"

அதன்பின் அவள் தலை வாரவில்லை, ஆடவில்லை, பெண்கள் சபையில் உட்காரவில்லை. துரையின் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று களைபறிக்கும் பெண்களிடம் மார்தட்டினாள். முறையை இவ்வளவு பிசகில்லாமல் கற்றவன் அதற்குக் கட்டுப்படுவான் என்று நம்பினாள்.

பூசணி பூத்த சமயம், அளக்கிற சங்கிலியோடு ஆட்கள் சோளத்தை மிதித்துக்கொண்டு வந்தார்கள். துரை ரம் பீப்பாயைத் திறந்துவைத்து ஆண்களிடம் பத்திரம் வாங்கியிருந்தார். அத்தோன்வாவும் அதில் கையெழுத்தாகத் தங்கள் ஆமைக் குலத்தின் ஆமையை வரைந்திருந்தான்.

அவள் துரையின் வாசலுக்கே ஓடினாள்.

"என் கண்ணீர் காயலைன்னு தெரிஞ்சும் எப்படிடா வாங்கின?"

"உன்கிட்ட நான் எதுவுமே கேக்கலையே, அக்கா. முறையை மீறலை."

 அவள் குரல் தாழ்ந்தது.

"சரி. அந்தச் சரத்தை எடுத்துட்டு வா. என் பிள்ளைக்காகத் துடைச்சிடு."

"அதை மேற்கே செனெக்கா மக்களோட ஊருக்குக் கொடுத்தனுப்பிட்டேனே. அங்க ஒரு பெரிய தலைவர் செத்துட்டார். நிறையப் பேச வேண்டியிருக்கு."