ஊசியம்மா விற்ற ஐம்பத்து நான்கு நாட்கள்

இரத்தம் எடுப்பதில் ஊசியம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அந்தப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஊரைக் கூட்டுகிற குழந்தைகூட அவள் பிடியில் அடங்கிவிடும். நரம்பே தெரியாத பருத்த கையிலும் ஒரே குத்தில் வேலையை முடித்துவிடுவாள். கை அவ்வளவு நிதானம். கால்தான் ஓர் இடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் ஆட்டுவாள், நின்றால் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். பள்ளி வேன் ஓட்டுகிற புருஷனுக்கு இது ஒரு கேலி. "இடுப்புக்கு மேல ஒரு ஆள், கீழ வேற ஆள்" என்பான்.

அந்தக் காலுக்கு வேலை வந்தது அவளுடைய நாற்பத்தொன்றாம் வயதில். ஒருநாள் காலை, வெளியூர்ப் பெண் ஒருத்தி முதுகில் மூட்டையோடு காய்ச்சல் என்று வந்தாள். காலணி முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். கடற்கரையில் தொடங்கி, மலைமேலேயே போய், ஒரு கணவாயில் முடிகிற பாதையாம். அறுநூற்று எண்பது கிலோமீட்டர், நாற்பத்தெட்டு நாள் நடை. இவள் பாதியைத் தாண்டியிருந்தாள்.

"எதுக்கு நடக்கறீங்க?" என்று ஊசியம்மா கேட்டாள்.

"சும்மாதான்" என்றாள் அவள்.

ஒன்றுக்கும் உதவாத இந்தப் பதில் ஊசியம்மாவைப் பிடித்து ஆட்டிவிட்டது. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் எதையும் சும்மா செய்ததில்லை. அன்று இரண்டு முறை பஞ்சு எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினாள்.

தானும் அந்தப் பாதையை நடந்தே தீர்வது என்று முடிவுசெய்தாள். அனுமதிக் கட்டணம், கூடாரம், காலணி, வழியில் தங்குகிற குடில்களுக்கு வாடகை, அவள் இல்லாத இரண்டு மாதத்துக்கு வீட்டுச் செலவு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது தலை சுற்றியது. ஆனாலும் மூன்று வருடத்தில் பணத்தைச் சேர்த்துவிடுவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். விடியுமுன் எழுந்து, வேறொரு சின்னப் பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்தாள். வெறும் வயிற்றோடு கை நீட்டிக் காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள், மொத்தம் இருபத்திரண்டு வீடு. எந்த வீட்டிலும் உட்காரமாட்டாள். பேருந்துக்குக் கொடுக்க மனம் வராமல் எங்கும் நடராஜா சர்வீஸ்தான். சாயங்காலம் முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு அடுக்ககத்தின் ஏழு மாடியையும் ஏறி இறங்குவாள். அரிசி விலை ஏறப்போகிறதா என்று மூன்றாம் மாடிக்காரர் அவள் புருஷனை ரகசியமாக விசாரித்தார்.

இத்தனைக்கும் மேலே நோகாமல் வந்த காசு ஒன்று உண்டு. வேலை செய்கிற இடத்தில் மாதத்துக்கு ஒன்றரை நாள் வீதம் வருடத்துக்குப் பதினெட்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு சேரும். எடுக்காத நாட்களை வருடக் கடைசியில் நிர்வாகத்துக்கே விற்றுவிடலாம். ஊசியம்மா ஒரு நாளும் எடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்தாள். மகள் பள்ளியில் பரிசு வாங்கிய அன்றும் வேலைக்கு வந்தாள். மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனசு அடித்துக்கொண்டது, ஆனாலும் டிசம்பரில் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டாள். இப்படி மூன்று டிசம்பர்.

மூன்றாம் வருடம் முடிந்த கையோடு அனுமதிச் சீட்டு வந்துசேர்ந்தது. மே மூன்றாம் தேதி புறப்பாடு. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விடுப்புக் கணக்கைப் பார்க்கிற குமாஸ்தாவின் மேசைக்கு ஓடினாள்.

"நாப்பத்தெட்டு நாள் வேணும் தம்பி."

அவன் கணினியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி கணினியைப் பார்த்தான்.

"உங்களுக்கு லீவே இல்லையேக்கா."

"நான்தான் ஒரு நாள்கூட எடுக்கலையே!"

"எடுக்கல. வித்துட்டீங்க. அம்பத்துநாலு நாள். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

ஊசியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடக்கப் பணம் வேண்டுமென்று, நடக்க வேண்டிய நாட்களையே அல்லவா விற்றுத் தொலைத்திருக்கிறாள்! காசைத் திருப்பித் தருகிறேன், நாட்களைக் கொடு என்று கெஞ்சினாள். அதற்குப் படிவம் இல்லை என்றான் அவன். படிவம் இல்லாத எதுவும் அவன் உலகத்தில் இல்லை.

வீட்டில் சொன்னபோது புருஷன் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அன்று அவள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே சாப்பிட்டாள்.

மேலதிகாரி கடைசியாக இறங்கிவந்தது பதினைந்து நாளுக்கு, அதுவும் சம்பளமில்லாமல். பதினாறாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆள் வராவிட்டால் வேலை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது, வருவோமா என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டுவிட்டாள்.

பாதையிலும் நிம்மதி வாய்க்கவில்லை. முதல் நான்கு நாள் கொப்புளம். அப்புறம் மழை. கூட நடந்தவர்கள் எத்தனை கிலோமீட்டர் வந்தோம் என்று பார்த்தார்கள். இவள் எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்தாள். ஒவ்வோர் அடியும் அவளை வேலைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு மேட்டில் ஏறியதும் எதிரே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. இதில் எதற்கும் நான் போகப்போவதில்லை என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே இறங்கினாள்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் பாதை ஒரு தார்ச்சாலையைக் குறுக்கே வெட்டியது. ஞாயிற்றுக்கிழமை. சொல்லிவைத்தபடி புருஷன் வேனோடு நின்றிருந்தான். ஐந்து மணி நேரம் ஓட்டி வந்த களைப்பு முகத்தில் அப்பியிருந்தது.

"என்ன இப்படிக் கருத்துட்ட? ஏறு, இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

அவள் மூட்டையை இறக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பாதை மரங்களுக்குள் ஏறிப் போவதைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, நான் வரல."

"விளையாடறியா? வேலை போயிடும்."

"போகட்டும்."

"பதினாறு வருஷ வேலை! பொண்ணு காலேஜ் ஃபீஸ் யாரு கட்டறது?"

"காலையில போற வீடு இருபத்திரண்டு இருக்கு. திரும்பி வந்து நாப்பதாக்கறேன்."

"அவங்க உனக்காகக் கையை நீட்டிட்டே உக்காந்திருப்பாங்களா?"

"தெரியல" என்றாள் அவள். "பயமாத்தான் இருக்கு. ஆனா இப்ப வண்டியில ஏறினா, சாகறவரைக்கும் இந்த ரோட்டுலயே நின்னுட்டிருப்பேங்க."

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. சக்கரத்தை ஓர் உதை விட்டான். இவளுக்காக ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணச் சவாரியை விட்டு, டீசல் போட்டு வந்தவன் அவன். கோபப்பட அவனுக்கு எல்லா நியாயமும் உண்டு. பிறகு அவள் அவன் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். சாலையைக் கடந்து போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் ஏறிவிடுவோம் என்ற பயத்தில் திரும்பவில்லை.

அவன் வேனுக்குள் உட்கார்ந்தான், வண்டியைக் கிளப்பவில்லை. தலையில் அடித்துக்கொண்டான். பிறகு கைபேசியை எடுத்துக் குமாஸ்தாவை அழைத்தான்.

"தம்பி, ஊசியம்மா வீட்டுக்காரர் பேசறேன். நாளைக்கு அவங்க வரமாட்டாங்க. வேற ஆளைப் போட்டுக்குங்க... இல்லல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்கு. வீட்லயும் ஒண்ணும் பிரச்சினை இல்ல." மரங்களுக்கு நடுவே மூட்டை மட்டும் ஏறிப்போவது தெரிந்தது. "காரணமா? ஒரு காரணமும் இல்ல தம்பி. சும்மா நடக்கறாங்க."