எதிர்க்காற்றில் கிளட்ச் மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குக் கிளட்ச் மாஸ்டர் என்று பெயர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "கிளட்ச்சை மெதுவா விடு" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில், காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக், தனியாக ஒரு கிளட்ச் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். ஸ்கூல் வாசலில் கிளம்பினால் தண்ணீர்த் தொட்டி, ஆஸ்பத்திரி மதில், கோர்ட்டுப் பின்பக்கம், மைதானத்தில் நாலு ரிவர்ஸ், மறுபடி ஸ்கூல் வாசல். செக்குமாடுகூட எப்போதாவது திசை மாறியிருக்கும். மாஸ்டர் மாறியதில்லை.

முட்டி வலி வந்து வேலையை விட்டார். டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். அவர் சொன்னது காலையில் அரைமணி நேரம் பார்க்கைச் சுற்றுவது. ஆனால் மாஸ்டரிடம் வண்டி பழகிய ஒரு கப்பல் சமையல்காரர், தான் போய்வந்த ஒரு தேசத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். அங்கே ஒரு கடலில் தொடங்கி எதிர்ப்பக்கக் கடலில் முடிகிற சாலை இருக்கிறதாம். மாஸ்டர் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். வகிடெடுத்த மாதிரி நேராக இருந்தது. எந்த இடத்திலும் திரும்பி வரவேண்டியதில்லை. அது ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்தச் சாலையைச் சைக்கிளில் கடக்கப் போகிறேன் என்றார். வீட்டில் ஏன் என்று கேட்டார்கள். சும்மா என்றார். மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. முன்னால் ஏதாவது விழிப்புணர்வு போர்டு மாட்டிக்கொண்டு போனால் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும் என்றாள். எதைப் பற்றிய விழிப்புணர்வு என்று கேட்டார். அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்றாள்.

மாஸ்டரின் மனைவி ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவர். வலிக்காமல் குத்துவார், வளவளவென்று பேசமாட்டார்.

"போறதுன்னா முழுசா போயிட்டு வாங்க. பாதியில திரும்பி வந்து இங்க உக்காந்து புலம்பாதீங்க" என்றார்.

மகள் அப்பாவின் போனில் ஏதோ செய்து, அவர் எங்கே இருக்கிறார் என்பது அம்மாவின் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி வைத்தாள். மாஸ்டர் விமானம் ஏறினார். சைக்கிள் அட்டைப்பெட்டிக்குள் துண்டு துண்டாகப் போனது.

அந்தத் தேசத்தில் வண்டிகள் நம் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். மாஸ்டருக்கு இது தெரியும். தெரிந்தும், முதல் நாற்சந்தியில் பழக்கம் காரணமாகத் தப்பான பக்கம் திரும்பினார். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி வெகுநேரம் பேசினார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல், அந்தக் கை நீட்டல், கடைசியில் தலையில் அடித்துக்கொள்வது எல்லாமே மாஸ்டருக்கு நன்றாகப் பரிச்சயம். மைதானத்தில் நின்று அவரே எத்தனையோ பேரிடம் பேசியதுதான். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

சாலை நேராக இல்லை. வரைபடம் சின்னதாக இருந்ததால் அப்படித் தெரிந்திருக்கிறது. மேடு, பள்ளம், பிறகு அதைவிடப் பெரிய மேடு. இதற்கெல்லாம் அவர் ஓரளவு மனதைத் தயார் செய்திருந்தார். காற்றைப் பற்றித்தான் அவரிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் எழுந்தால் எதிரே நிற்கும். கடன்காரன் மாதிரி சாயங்காலம் வரை நகராது. இறக்கத்தில்கூடப் பெடலை மிதித்தால்தான் சைக்கிள் இறங்கியது. இறக்கத்தில் மிதிப்பதைப் போல மனிதனைச் சிறுமைப்படுத்துவது வேறில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அடுத்தது சீட். முதல் வாரமே அவருக்கும் அதற்கும் பகை முற்றிவிட்டது. மருந்துக்கடையில் போய்க் களிம்பு வேண்டும் என்று புரியவைக்க வேண்டியிருந்தது. கடையில் இருந்தது ஒரு பெண்பிள்ளை. மாஸ்டர் சைக்கிளைக் காட்டினார், சீட்டைக் காட்டினார், பிறகு முகத்தைச் சுளித்தார். அந்தப் பெண் சிரிக்காமல் உள்ளே போய், பெரிய டப்பாவாக எடுத்து வந்தாள். அந்த மரியாதையை அவர் இன்றும் மறக்கவில்லை.

நாய்கள் இருந்தன. தகரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து மொத்தமாக வரும். சைக்கிளை விட்டு இறங்கி நின்றால் அவையும் நின்று, இனி என்ன செய்வது என்று தெரியாமல் ஒன்றையொன்று பார்க்கும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு காலுறை போய்விட்டது. பின்சக்கரத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ரொட்டியும் அவித்த முட்டையும் தின்று தின்று நாக்கு செத்துப்போயிற்று. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் பேச ஆள் இல்லாதது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பேசியே பிழைத்த மனிதர் அவர். இப்போது வாய் பேசுவதற்கு அல்லாமல் மூச்சு விடுவதற்கே பயன்பட்டது. எதிரில் வரும் லாரிகளைப் பார்த்து, "ஓரமா போ, ஹாரன் எதுக்கு அடிக்கிற" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பாதி தூரம் தாண்டியதும் மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது. ஒரு சின்ன ஊரில், கீழே சலவைக் கடையும் மேலே வாடகை அறைகளுமாக இருந்த ஒரு கட்டடத்து வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரம்மா வெளியே வந்தார். உருண்டு திரண்ட உடம்பு, முழங்கை வரை சோப்பு. ஒன்றும் கேட்காமல் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மாடியில் கொண்டுபோய்ப் போட்டார். ஈரத் துணியைக் கையாள்கிற மாதிரிதான் கையாண்டார். ஆனால் வேளாவேளைக்குக் கஞ்சி வந்தது. மாத்திரை வந்தது. மாஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தால் ஒரு விரலால் நெற்றியில் அழுத்தித் திரும்பப் படுக்கவைத்தார்.

பக்கத்து அறையில் அந்த அம்மாவின் கணவர் காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். வீட்டின் வேன் கொல்லையில் நின்றது. அவர்தான் அதை ஓட்டி, வெளுத்த படுக்கை விரிப்புகளை ஊரிலுள்ள ஓட்டல்களுக்குக் கொடுத்து வருவார். கால் உடைந்தபின் அந்த அம்மா மூட்டைகளைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். காய்ச்சல் விட்டு ஜன்னலோரம் உட்கார்ந்த மாஸ்டர் இதைப் பார்த்தார். கீழே இறங்கிப் போய், வேனைக் காட்டி, பிறகு அந்த அம்மாவைக் காட்டினார். அந்த அம்மா பீரோவைத் திறந்து தன் டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த படத்தில் அவர் ஒல்லியாக, சின்னப் பெண்ணாக இருந்தார். பிறகு மேல் ஜன்னலை நோக்கிக் கட்டைவிரலை நீட்டித் தலையை இருபுறமும் ஆட்டினார். எடுத்ததோடு சரி, அந்த மனிதர் வேனைத் தொடவிடவில்லை என்பது மாஸ்டருக்குப் புரிந்தது. இதற்கு மொழி தேவைப்படவில்லை.

மறுநாள் கொல்லையில் பாடம் தொடங்கியது. மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். காலுக்கடியில் பிரேக் இல்லை. வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு உள்ளங்கையை மெல்ல மேலே தூக்கி, அதே வேகத்தில் இன்னொரு உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினார். கிளட்ச்சை விட வேண்டும், ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். வேன் தவளை மாதிரி குதித்து நின்றது. மறுபடி காட்டினார். வேன் ஒரு தண்ணீர் டிரம்மைச் சாய்த்தது. மேல் ஜன்னலில் மாவுக்கட்டுக்காரர் தலையை நீட்டிக் கத்த ஆரம்பித்தார். மாஸ்டர் கீழேயிருந்து, "நீங்க சும்மா இருங்க, ஒரு வண்டிக்கு ஒரு வாத்தியார் போதும்" என்று தமிழில் சொன்னார். அவர் அடங்கிவிட்டார். இரண்டு பேரும் ஒரே தொழில் அல்லவா, புரிந்திருக்கும்.

ஊரில் ஒரு மாதம் வாயால் சொல்லியும் வராத கிளட்ச், இந்த அம்மாவுக்கு உள்ளங்கையைப் பார்த்தே சீக்கிரம் வந்துவிட்டது. முப்பது வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது வீண்தானோ என்று மாஸ்டருக்குச் சற்றே வருத்தம். அந்த அம்மா கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் "மெதுவா". வளைவில் திரும்பும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதற்கு நடுவில் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, புள்ளி நகரவே இல்லையே. காய்ச்சல் இன்னும் விடலையா?"

"காய்ச்சல் எல்லாம் போச்சு. இங்க ஒரு அம்மாவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்."

"நல்லா ஓட்டறாங்களா?"

"பரவாயில்ல. கிளட்ச் வந்துடுச்சு."

"நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாஸ்டர் மனைவியிடமும் ஒரு லைசென்ஸ் இருந்தது. ஸ்கூலில் வேலை பார்க்கிறவரின் மனைவி என்பதால் கல்யாணமான புதிதில் எடுத்துக்கொடுத்தது. வீட்டில் ஒரு பழைய சின்ன காரும் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவர் கேட்கும்போதெல்லாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பார் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தால், வாரம் பூராவும் இதே வேலை, இன்றைக்குமா என்பார். கொல்லன் தெருவில் ஊசி விற்கவில்லை என்றால் பரவாயில்லை, கொல்லன் வீட்டிலேயே ஊசி இல்லை.

அடுத்த நாள் மாஸ்டர் போன் செய்தார். மனைவி எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். "அம்மா நல்லாதான் இருக்காங்க. உங்ககிட்ட பேசற மாதிரி இல்ல, அவ்வளவுதான்" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்?

அந்த அம்மா முதல் முறையாக மூட்டைகளை வேனில் ஏற்றி, தனியாக ஓட்டலுக்குப் போய்த் திரும்பிய அன்று மாஸ்டர் கிளம்பினார். அறை வாடகையை வாங்க மறுத்துவிட்டார்கள். மாவுக்கட்டுக்காரர் ஜன்னலிலிருந்து கையாட்டினார். அவ்வளவு சந்தோஷமான கையாட்டல் என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு மலை. சாலை பாம்பு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறியது. மாஸ்டர் ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். கல்வீடு ஒன்றின் திண்ணையில் ஒருமுறை, பஸ் நிற்கும் கொட்டகையில் ஒருமுறை என்று ஒதுங்கி, நின்ற இடத்திலெல்லாம் போனை எடுத்துப் பார்த்தார். மனைவி கூப்பிடவில்லை. காற்று, ஏற்றம், முட்டி இவற்றோடு இதுவும் சேர்ந்துகொண்டது. உண்மையில் மற்ற மூன்றும் இதன் முன்னால் ஒன்றுமில்லை. ஒரு வளைவில் சரளைக்கல் வழுக்கி, சைக்கிளோடு சாக்கடைக்குள் போனார். கை சிராய்த்தது. முன்சக்கரம் நெளிந்து அப்பளமாகிவிட்டது. அங்கேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். யாராவது பார்த்தால் இளைப்பாறுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தம் வராமல், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு.

உருளைக்கிழங்கு ஏற்றிய ஒரு லாரி நின்றது. டிரைவர் சைக்கிளைத் தூக்கி மூட்டைகள்மேல் போட்டு, மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். உச்சியைத் தாண்டி இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு ஒரு கையால் பாட்டு வைக்க ஆரம்பித்தார். இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவனை எமன் தனியாகக் கூப்பிடத் தேவையில்லை என்பது அவர் முதல் நாள் பாடம். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. கியர் கம்பியைத் தொட்டுக் கும்பிட்டார். டிரைவர் அதை வழிபாடு என்று நினைத்து, மரியாதையாகத் தானும் தொட்டுக் கும்பிட்டார். கியர் மட்டும் விழவில்லை. முதலில் வந்த ஊரிலேயே மாஸ்டர் இறங்கிக்கொண்டார்.

அந்த ஊரில் ஒரு மெக்கானிக் சுத்தியலால் சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

"நான் டிரைவிங் கிளாஸ்ல சேர்ந்துட்டேன்" என்றார்.

"நம்ம ஸ்கூல்லயா?"

"இல்ல. எதிர்த்தாப்புல இருக்கிற ஸ்கூல்ல. அங்க இருக்கிற வாத்தியார் உங்ககிட்ட படிச்சவராம். ரொம்பத் திட்டுவீங்களாமே."

மாஸ்டர் பேச்சை மாற்றினார். "கண்ணாடி பாத்து ஓட்டறியா?"

"பாக்கறேன்."

"கிளட்ச்சை..."

"அது வந்துடுச்சு. நீங்க ரோட்டப் பாத்துப் போங்க. புள்ளி ரோட்ட விட்டு விலகி எங்கயோ சாக்கடையில நின்ன மாதிரி இருந்துச்சு."

"சாக்கடையிலதான் இருந்தேன்."

"அடி கிடி பட்டுதா?"

"கையில லேசா."

"டெட்டனஸ் ஊசி போட்டுக்கோங்க. மறந்துடாதீங்க."

மாஸ்டர் அன்றே ஓர் ஆஸ்பத்திரியைத் தேடிப்போய் ஊசி போட்டுக்கொண்டார். அவர் மனைவியைப் போல வலிக்காமல் போடத் தெரியவில்லை அங்கிருந்தவர்களுக்கு.

கடைசிப் பகுதி உப்பளங்களும் குடோன்களுமாக இருந்தது. சாலை ஒரு துறைமுகத்தின் இரும்பு கேட்டில் முட்டி நின்றது. உள்ளே விடமாட்டேன் என்று வாட்ச்மேன் கைகாட்டினார். கேட் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால், இரண்டு கண்டெய்னர்களுக்கு நடுவே விரல் கனத்துக்குக் கடல் தெரிந்தது. இதைத்தான் பார்க்க வந்தோம் என்று மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தோஷம் வருகிறதா என்றும் கவனித்தார். முதலில் வரவில்லை. பிறகு வந்தது. முட்டியிலிருந்து மேலே ஏறிய மாதிரி இருந்தது என்றார்.

வாட்ச்மேன் ஒரு நாற்காலி போட்டார். மாஸ்டர் உட்காரும் நிலையில் இல்லை, நின்றபடியே தண்ணீர் குடித்தார். வாட்ச்மேன் சைக்கிளைப் பார்த்தார், அவர் வந்த திசையைப் பார்த்தார், பிறகு சைகையில் எதையோ விளக்கினார். சைக்கிள்காரர்கள் எல்லோரும் இந்த கேட்டில்தான் தொடங்குவார்கள், கடல்காற்று முதுகில் தள்ளிக்கொண்டே போய் மறுகோடியில் விடும் என்பது அதன் பொருள். தன் முதுகைத் தட்டி, காற்று வீசுகிற மாதிரி ஊதியும் காட்டினார். மாஸ்டர் நன்றி சொன்னார்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் மனைவி அவரை நாற்காலியில் தலையணை போட்டு உட்காரவைத்து ரத்தம் எடுத்தார். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது. ரத்தத்தில் இரும்பு இருக்காது, பார்த்தாலே தெரிகிறது என்றார். குழாயில் பெயரை எழுதி ஒட்டிப் பைக்குள் வைத்தார்.

"அந்த அம்மா இப்ப ஓட்டறாங்களாமா?" என்று கேட்டார்.

ஓட்டுகிறார், வேன் முன்னால் நின்று எடுத்த படம் அனுப்பியிருக்கிறார் என்றார் மாஸ்டர். மனைவி படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நல்ல உழைப்பாளி முகம் என்றார். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

மாஸ்டரும் எழுந்தார். "நீங்க எங்க?" என்று கேட்டார் மனைவி. சும்மா, வாசல் வரைக்கும் என்றார்.

கார் பின்பக்கமாக கேட்டைத் தாண்டியது. எதிலும் இடிக்கவில்லை. மாஸ்டர் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார். தெருமுனை வந்ததும் மனைவி இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார். கொஞ்சம் முன்னாடியே போட்டிருக்கலாம்.