ஜிப்பக்காவின் பேர் போன கதை

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மின்கட்டண ரசீதில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி கடைவீதி முழுவதற்கும் அவள் ஜிப்பக்கா. பல் இளித்த ஜிப், பாதி வழியில் நின்றுபோன ஜிப், துணியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஜிப், எதுவானாலும் அவளிடம்தான் வந்து சேரும்.

ஒரு பெரிய கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் அவள் கடை. உடைந்த பெட்டிகளிலிருந்து கழற்றிய ரன்னர்களை, அதாவது ஜிப்பை இழுக்கிற கொக்கிகளை, அளவு பார்த்துப் பிரித்து மிட்டாய் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தாள். வேலை பார்த்த பை கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் ஒரு குறடும் பழைய தையல் மெஷினுமாக இங்கே வந்து உட்கார்ந்தவள்தான். முதல் வருஷம் ஈ ஓட்டினாள். அப்புறம் பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, "அந்த ஜிப்பக்கா கிட்ட கொண்டு போ" என்று ஆகிவிட்டது. அந்தப் பேரை அவள் வைத்துக்கொள்ளவில்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டினது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அவள் தம்பி ஒரு கூரியர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஒருநாள் அவன்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, வெளியூர்ல இருந்து உனக்கு மாசாமாசம் பெட்டி வருது. போன்ல உன்னைத் தேடினா ஒண்ணுமே வரலையாம், என் கிட்ட கேக்கறாங்க. ஒரு வெப்சைட் போட்டுடு."

"அதுக்கெல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

"நான் பண்ணித் தர்றேன். நீ பேரை மட்டும் பிடி. வேற யாராவது எடுத்திருந்தா கிடைக்காது, பார்த்துக்கோ."

"என் பேரை எவன் எடுக்கப் போறான்?" என்று சிரித்தாள் ஜிப்பக்கா.

மதியம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு தேடினாள். வெப்சைட்டுக்குப் பேர் பதிவு செய்கிற கம்பெனிகளில் முதலாவதாக வந்ததைத் திறந்தாள். பெரிய கட்டம் ஒன்று, 'உங்கள் கனவுப் பேரைத் தட்டுங்கள்' என்றது. ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டுவது என்று குழம்பிப்போய், பக்கத்துக் கடையில் சாவி வெட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டாள்.

"அண்ணே, ஜிப்புக்கு ஒரு பி போதுமா, ரெண்டு போடணுமா?"

"ஜிப்பக்கான்னு அழுத்தித்தானே கூப்பிடறோம்? ரெண்டு போடு" என்றார் சாவிக்காரர்.

ரெண்டு போட்டாள். பச்சை டிக் விழுந்தது. வாழ்த்துகள், இந்தப் பேர் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. காத்திருக்கிறதாமே, இருக்கட்டும் என்று போனை மூடி வைத்தாள். பணம் கட்டுகிற கார்டு வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் பஸ் ஓட்டப் போயிருந்தார்.

மறுநாள் அவரிடம் கார்டை வாங்கிக்கொண்டு வந்து, அதே கட்டத்தில் அதே பேரைத் தட்டினாள். பச்சை இல்லை. இந்தப் பேர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது. ஒரு எழுத்து தப்பாகிவிட்டதோ என்று மறுபடி தட்டினாள். எடுக்கப்பட்டுவிட்டது. கீழே இன்னொரு வரியும் இருந்தது. பேரின் சொந்தக்காரரோடு பேசி வாங்கித்தர எங்கள் தரகர் உதவுவார், அதற்குத் தனிக் கட்டணம்.

அவளுக்குக் காது மடல் சூடானது. சொந்தக்காரராம். ஜிப்பக்கா என்கிற பேருக்கு அவளைத் தவிர இன்னொரு சொந்தக்காரர்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் பதிவு விவரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "நேத்து சாயங்காலம் எடுத்திருக்காங்க அக்கா. யாருன்னு மறைச்சிருக்கு" என்றான். பிறகு சும்மா இருந்திருக்கலாம். "பார்த்த உடனே வாங்கியிருக்கணும்க்கா" என்று சேர்த்துக்கொண்டான்.

"ஏண்டா, கடையில போய் ஒரு பொருள் இருக்கான்னு கேட்டா, அடுத்த நிமிஷம் பின்னாடி கதவு வழியா வித்துடுவாங்களா?"

"தேடறதைப் பார்த்து எடுத்துக்கறாங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க. யாரும் நிரூபிச்சதா தெரியல. யார்கிட்டயாவது சொன்னியா?"

அங்கேதான் வினை வந்தது. சொன்னது ஒரே ஒருவரிடம். ரெண்டு பி போடச் சொன்னவரிடம்.

கோபத்தில் இருந்தவள் கொஞ்சம் ஆறவிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டே விட்டாள். "அண்ணே, நேத்து நான் சொன்ன பேரை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா? இல்ல, நீங்களே..."

சாவிக்காரர் மெஷினை நிறுத்தினார். "என் கடைக்கு போர்டே கிடையாதும்மா. உன் பேரை எடுத்து நான் எங்கே மாட்டப் போறேன்?" என்றார். அவ்வளவுதான். அவள் வெளியே போகும்போதெல்லாம் சொல்லாமலேயே இரண்டு கடையையும் பார்த்துக்கொள்கிற மனுஷன், அன்று சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷட்டரை இறக்கினார்.

அந்த எரிச்சலையும் சேர்த்துக்கொண்டு பேர் பதிவுக் கம்பெனிக்குப் போன் செய்தாள். வெகுநேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பையன் பேசினான்.

"நாங்க தேடல் விவரத்தை யாருக்கும் கொடுக்கறதில்லை மேடம்."

"அப்போ எப்படி தம்பி போச்சு? நேத்து வரைக்கும் உலகத்துல யாருக்கும் வேண்டாத பேரு அது."

"ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு ஒரே பேர் தோணலாம் மேடம்."

"ஜிப்பக்கான்னா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம். அப்புறம், "எங்க தரகர் சேவையைப் பத்தி சொல்லட்டுமா மேடம்?" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

மகள் ஒரு யோசனை சொன்னாள். "அம்மா, வாயில நுழையாத பேரா நாலு அதே இடத்துல தேடுவோம். காணாம போச்சுன்னா அவங்கதான் திருடன்."

தேடினார்கள். தினமும் எட்டிப் பார்த்தார்கள். நாலும் குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தன. திருட்டு பிடிபட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். இப்போது யாரைத் திட்டுவது என்றே தெரியாமல், ஓடாத ரன்னரை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இந்தத் தடவை வேறு கம்பெனி. புதுப் பேரை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள், பெற்ற மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

"என்ன பேருன்னு என்கிட்டயாவது சொல்லேன்" என்றார் அவர்.

"கார்டை மட்டும் கையில வெச்சுக்கோங்க."

ஜிப்பக்கா கடை என்று தட்டினாள். பச்சை விழுந்ததும் பணம் கட்டினாள். ரசீது வந்த பிறகுதான் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இதுக்குத்தானா இவ்வளவு?" என்று கேட்டார்.

தம்பி வெப்சைட்டைப் போட்டுக் கொடுத்தான். புதுப் பேரைத் துணிப்பட்டியில் அச்சடித்து, சரிசெய்த பெட்டிகளின் உள்பக்கம் தைத்து அனுப்பினாள். வெளியூர்ப் பெட்டிகள் கூடுதலாகவே வந்தன. எல்லாம் நல்லபடியாகப் போகும்போது, பழைய பேர் என்ன ஆயிற்று என்று ஒருநாள் தம்பியைப் பார்க்கச் சொன்னாள்.

"அது காலியா இருக்குக்கா. எடுத்தவன் விட்டுட்டான் போல."

"விட்டுட்டானா?"

"சில பேர் அப்படித்தான். எடுத்து வெச்சுப் பார்ப்பாங்க, யாரும் விலை பேச வரலேன்னா சில நாள்ல திருப்பிக் கொடுத்துடுவாங்க. அப்படிக் கொடுத்தா நஷ்டம் இல்லையாம்."

"வாடகை சைக்கிள் மாதிரி என் பேரை எடுத்து ஒரு ரவுண்டு அடிச்சுட்டு, திருப்பி விட்டுட்டுப் போயிட்டான். நான் இங்கே கூடப்பிறந்தவர் மாதிரி இருந்த மனுஷன் மூஞ்சியில கரியைப் பூசினேன்."

உடனே அந்தப் பேரையும் வாங்கிப் போட்டாள். போனது கிடைத்ததே என்கிற சந்தோஷம் துளிக்கூட வரவில்லை. 'உங்களுக்குப் பிடிக்கக்கூடிய வேறு பேர்கள்' என்று கம்பெனியிலிருந்து வந்த மெயிலைத் திறக்காமலே அழித்தாள்.

பிறகு எழுந்து சாவிக்காரர் கடைக்குப் போய் நின்றாள். "தப்பா பேசிட்டேன் அண்ணே. மன்னிச்சுக்கோங்க."

"விடும்மா, பேரு போனா யாருக்குத்தான் கோபம் வராது" என்றார் அவர், சாவிக்கு அரம் போட்டபடியே. குரலில் கோபம் இல்லை. ஆனால் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

இப்போது அவள் வெளியே போக வேண்டியிருந்தால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் போகிறாள். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார். கேட்கத்தான் அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.