காட்டுமாடு என்ற பெயரில் வந்த சகாயமேரி

சகாயமேரி இறந்துவிட்டதாக அவருடைய எண்ணிலிருந்தே எனக்குச் செய்தி வந்தது. "அம்மா இன்று காலமானார். அடக்கம் நாளை மன்னவனூரில்" என்று இருந்தது. படித்ததும் எனக்குத் துக்கம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. நானும் அவரும் பழகிய உலகம் அப்படி. நாங்கள் விளையாடிய அந்த விண்வெளி விளையாட்டில், செத்துப்போனதாக அறிவித்துவிட்டு, தாங்கள் சேர்ந்து ஆடிய கூட்டத்தின் கப்பல்களோடு காணாமல் போனவர்கள் உண்டு. அடுத்தவர் கணக்கைத் திருடி அவர் பெயரிலேயே பேசியவர்களும் உண்டு.

அந்த எண்ணை அழைத்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"யாரு பேசுறது?" என்றேன்.

"நீங்க யாருன்னு மொதல்ல சொல்லுங்க."

"கொடைக்கானல்ல ஒரு காட்டேஜ்ல மேனேஜரா இருக்கேன். அம்மாவத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவருடைய மகன் அருள்தான் என்று புரிந்தது. அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியாது. "நேர்ல வர்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

சகாயமேரி கிராமச் செவிலியராக இருந்தவர். மேல்மலைக் கிராமங்களில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத குழந்தை அரிது. பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். கணவர் முன்பே காலமாகிவிட்டார். கவுஞ்சி வளைவில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்ததால் வேலையை விட்டு வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சகாயமேரி வேறு.

எங்கள் காட்டேஜில் மழைக்காலத்தில் தங்கிய சென்னைக்காரர் ஒருவர் ஏரிப்பக்கம்கூடப் போகாமல் மடிக்கணினியின் முன்னேயே உட்கார்ந்திருந்தார். திரையில் இருட்டும் நட்சத்திரமும் ஒரு சின்னக் கப்பலும். "இதுல என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேணாம். உங்களுக்கு என்ன தோணுதோ அதப் பண்ணலாம். பாறை வெட்டலாம், வியாபாரம் பண்ணலாம், கொள்ளையடிக்கலாம்" என்றார். எதையும் செய்யச் சொல்லாத விளையாட்டு என்றால் அதில் ஏதோ சூது இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அது என்ன சூது என்று தெரிந்துகொள்ளத்தான் அலுவலகக் கணினியில் நானும் உள்ளே போனேன். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது.

போன முதல் நாளே எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: யாராவது இலவசமாக ஏதாவது கொடுத்தால் ஓடிவிடு. புதியவர்கள் வெளியே வரும் நிலையத்தை விட்டு நான் நகர்ந்ததுமே ஒரு கப்பல் பக்கத்தில் வந்து நின்றது. ஆங்கில எழுத்தில் பெயர் 'காட்டுமாடு'. நல்ல கப்பல் ஒன்று தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. நான் ஓடினேன். மறுநாளும் வந்தது. உலகம் முழுக்க ஆடும் ஓர் ஆட்டத்தில், எங்கள் ஊர்த் தெருவில் நடமாடும் மிருகத்தின் பெயரோடு ஒருவர் என்னைத் தேடி வருவானேன்? என் விலாசத்தை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே நம்பினேன்.

எந்த ஊர் என்று கேட்டேன். மன்னவனூர் என்று பதில் வந்தது. அதையும் நம்பவில்லை. அந்த ஊருக்குப் போகும் வழியை வைத்துச் சோதித்தேன். "பூம்பாறை ரோடு இப்ப எப்படி இருக்கு?" என்று எழுதினேன்.

"மரம் விழுந்து கெடக்கு. பஸ்சு திரும்பிப் போயிருச்சு."

தெரிந்த ஓட்டுநர் ஒருவரை அழைத்து விசாரித்தேன். மரம் விழுந்துதான் கிடந்தது. கப்பலை வாங்கிக்கொண்டேன். அதில் சதி எதுவும் இல்லை என்று உறுதியாகும்வரை வாரக்கணக்கில் அதை ஓட்டாமலே வைத்திருந்தேன்.

பேசிப் பழகிய பிறகு, வீட்டுக்கு வாருங்கள் என்றார். பெண் என்று அப்போதுதான் சொன்னார். என் மனைவி தமிழ்ச்செல்வி, "கம்ப்யூட்டர்ல கப்பல் ஓட்டுற பொம்பள மன்னவனூர்ல இருக்காளாக்கும்! நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள். கேரட் தோட்டத்துக்கு மேலே ஓட்டு வீடு. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்து, "வாங்கண்ணே, வாங்க மதினி. உக்காருங்க, கால் பரவால்ல, நானே காப்பி போடுறேன்" என்றார். தமிழ்ச்செல்வி வீட்டுக்குள் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். சுவரில் மாதா படம். அதன் கீழே பெரிய கணினித் திரை.

எப்படி இதில் மாட்டினீர்கள் என்று என் மனைவிதான் கேட்டாள்.

"எம்மகன உளவு பாக்கத்தான் மதினி போனேன்" என்றார் சகாயமேரி.

அருள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, லீவில் வந்தாலும் கணினியை விட்டு எழுவதில்லை. யார் யாரோடோ பேசுவான், அம்மா வந்தால் மூடிவிடுவான். சூதாட்டமோ, கெட்ட சகவாசமோ என்று அவருக்குப் பயம். படுக்கையில் கிடந்த காலம் அது. செவிலியர் பயிற்சியில் உடன் படித்த தோழியின் மகளை வைத்து விளையாட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டு, ஆண் போலப் பேர் வைத்து, மகன் இருந்த கூட்டத்தின் பின்னாலேயே அலைந்திருக்கிறார்.

"அவுங்களுக்குச் சந்தேகம் வந்துருச்சு. யாரு இவன், போற எடமெல்லாம் வர்றான்னு. ஒருநா எம்மகனே என் கப்பல வெடிக்க வச்சிட்டான் மதினி. வெடிச்ச பெறகு எழுதுறான், 'தப்பா நெனைக்காதீங்க ப்ரோ, இது வெளாட்டுதான், பத்திரமா வீட்டுக்குப் போங்க'ன்னு." சிரித்தார். "அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதியாச்சு. கெட்டுப்போனவனுக்கு இப்படிப் பேச வராதுல்ல?"

பிறகு அருளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. விளையாட்டை விட்டுவிட்டான். அம்மாவும் விட்டுவிடுவதாகத்தான் இருந்தார். கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனபோது, நிலையத்தின் வாசலில் புதிதாக வந்த யாரோ ஒருவர் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாராம். "அவர அப்படியே விட்டுட்டு எப்படிண்ணே வர்றது?" என்றார். அதன் பிறகு விளையாட்டை விட்டு வெளியே வரவேயில்லை. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வழி சொல்லுவதே அவருடைய ஆட்டமாகிவிட்டது. நானும் அவரும் பிறகு சேர்ந்த கூட்டத்தில் பாதிப் பேர் அவர் கையில் கப்பல் வாங்கி வந்தவர்கள்தான்.

அந்தக் கூட்டம்தான் அவரை வெளியேற்றியது. எதிரிகள் எங்கள் தளம் பூட்டாமல் இருந்த சமயம் பார்த்து வந்து தரைமட்டமாக்கினார்கள். பல மாதம் கட்டியது. யாரோ உள்ளேயிருந்து சொல்லியிருக்க வேண்டும். எதிரிக் கூட்டத்துப் புதியவர்களோடும் காட்டுமாடு பேசுவது எல்லோருக்கும் தெரியும். கூட்டத் தலைவர் விசாரணை வைத்தார். குரலில் வந்து பதில் சொல்லச் சொன்னார். அதுவரை எழுத்தில் மட்டுமே பேசிய சகாயமேரி முதன்முறையாக வாய் திறந்தார். தமிழ் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார்கள்.

"நா எல்லார்கிட்டயும்தான் பேசுவேன். எந்தப் பக்கம்னு கேட்டுட்டா ஊசி போட்டேன்? ஆனா இங்க கேட்டத அங்க சொன்னதில்ல. நம்பிக்கை இல்லன்னா வெளிய அனுப்பிருங்க, வெரசா சொல்லுங்க, அடுப்புல பால் கெடக்கு."

பெண் குரல் கேட்டதும் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு நாள் மறைத்தவர் வேறு எதை மறைத்தாரோ என்றார்கள். அனுப்பிவிட்டார்கள். பின்னர் காட்டிக்கொடுத்தவர் தலைவரின் நெருங்கிய நண்பர் என்று அந்த நண்பர் வாயாலேயே வெளிவந்தது. திரும்ப வாருங்கள் என்று தலைவரே கேட்டுக்கொண்டார். சகாயமேரி கோபிக்கவில்லை, ஆனால் போகவுமில்லை. "இங்க வாசல்ல நின்னாத்தாண்ணே வர்றவங்களப் பாக்க முடியுது" என்று என்னிடம் சொன்னார்.

மகனிடம் மட்டும் சொல்லவில்லை. நான் பலமுறை வற்புறுத்தினேன். "நம்பளயே வேவு பாத்திருக்காளேன்னு மனசு ஒடஞ்சிருவான். கிறிஸ்துமசுக்கு வரட்டும், பக்கத்துல உக்கார வச்சுச் சொல்றேன்" என்றார். அதற்குள் நெஞ்சுவலி வந்து, கொடைக்கானலுக்குக் கொண்டு வரும் வழியிலேயே போய்விட்டார்.

அடக்கத்துக்கு நானும் தமிழ்ச்செல்வியும் போனோம். மேல்மலையே திரண்டிருந்தது. கல்லறையிலிருந்து திரும்பும்போது அருள் என்னை மறித்தான். அம்மாவின் கைபேசியில் என் எண்ணிலிருந்து நாள் தவறாமல் அழைப்பு இருந்திருக்கிறது. என்ன நினைத்திருப்பான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"இப்பவாச்சும் சொல்லுங்க சார். எங்கம்மாவுக்கும் உங்களுக்கும் என்ன பழக்கம்?"

தமிழ்ச்செல்வி என்னை முந்திக்கொண்டாள். "தம்பி, உங்கம்மாதான் காட்டுமாடு."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏமாற்றுக்காரர்களைப் பார்ப்பது போலத்தான். "அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் ஒரு ஸ்பை. நாந்தான் அவன..." என்று நிறுத்தினான்.

"தப்பா நெனைக்காதீங்க ப்ரோன்னு எழுதுனியாமே" என்றேன். "பத்திரமா வீட்டுக்குப் போங்கன்னு."

வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாத வார்த்தைகள். அருள் பாதையோரமாக, ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் எங்கள் கூட்டம் அந்த நிலையத்தின் வாசலில் அஞ்சலி வைத்தது. அருள் என் அலுவலகத்துக்கு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கப்பல்கள் வரிசையாக நின்றன. அஞ்சலியின் நடுவே எதிரிக் கூட்டம் பெரும்படையாக வந்து இறங்கியது. யாரும் பீரங்கியைத் திருப்பாதீர்கள் என்று தலைவர் எழுதினார், ஆனால் எல்லோரும் திருப்பிவிட்டோம். அவர்கள் மெல்ல நெருங்கினார்கள், நின்றார்கள். பிறகு ஒவ்வொரு கப்பலாக விளக்கை அணைத்தார்கள். அவர்களிலும் அவரிடம் முதல் கப்பல் வாங்கியவர்கள் இருந்தார்கள். நாங்களும் அணைத்தோம்.

அருள் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "அம்மா வழக்கமா எங்க நிப்பாங்க?"

வாசலுக்கு இடப்பக்கம், வெளியே வருபவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தைத் திரையில் தொட்டுக் காட்டினேன். இரண்டு படைகளும் சுற்றி நின்றும், அந்த இடத்தில் மட்டும் எந்தக் கப்பலும் நிற்கவில்லை. இருட்டும் தொலைவில் சில நட்சத்திரங்களும் இருந்தன. அருள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போய் வாருங்கள், சகாயமேரி. உங்களை நம்புவதற்கு எங்கள் எல்லோருக்கும் கொஞ்ச காலம் பிடித்தது.